ஒரு செம்புத் தண்ணீர்

(வானொலி இலக்கிய வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பற்றிப் பேச வருபவர்கள் வழக்கமாகக் கடலிலிருந்து தொடங்குவார்கள். அதில் தவறில்லை. செங்கை ஆழியான் தமது 'வாடைக்காற்று' நாவலிலே நெடுந்தீவுக் கடற்கரையையும் அங்கே காற்றோடு வந்து காற்றோடு போகும் மீனவர் வாழ்க்கையையும் எழுதினார். 1978ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது. ஆகவே கடலை அவரிடமே விட்டுவிடுகிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது குடிதண்ணீரைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், ஒருவர் வாசலில் இன்னொருவர் வந்து நின்று தண்ணீர் கேட்கும் வழக்கத்தைப் பற்றி.

தீவகத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று 'நல்ல தண்ணி'. மற்றது 'சவர்த் தண்ணி'. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று எந்த ஊரை எடுத்தாலும் நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல். ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழைதான் வருடம் முழுவதற்குமான முதல். அந்த மழை கல்லுக்குள்ளே இறங்கி, அங்கே ஏற்கெனவே நிற்கும் கடல் நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்பு நீரைவிடப் பாரம் குறைந்ததாகையால் மேலே நிற்கிறது. ஆழத் தோண்டினால் உப்பு. அவசரப்பட்டு இறைத்தாலும் உப்பு. இதனாலேதான் கடற்கரை மணலிலே ஆழமில்லாத பூவல்களைத் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் அள்ளும் பழக்கம் வந்தது. விஞ்ஞானம் படித்தவர்கள் பின்னாளிலே படம் வரைந்து காட்டிய இந்தச் சங்கதியை, எழுத்தறியாத கிழவிகள் தங்கள் வாளிக் கயிற்றின் நீளத்திலே அறிந்து வைத்திருந்தார்கள்.

எல்லா வளவிலும் கிணறு இருக்கும். எல்லாக் கிணற்றிலும் குடிக்க முடியாது. குளிக்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று, குடிக்க மட்டும் ஊருக்குள்ளே எங்கோ ஒன்று. அந்த ஒன்றைத் தேடிக் குடத்தோடு நடப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. கோடை முற்றினால் விடியுமுன்பே எழுந்து போகவேண்டும். இரவிலே ஊறிய தண்ணீர் சில குடங்களுக்குத்தான் வரும். அதிலே முதலில் வந்தவர் எவ்வளவு அள்ளலாம், பின்னே வருபவருக்கு எவ்வளவு விடவேண்டும் என்பதற்கு எழுதிய சட்டம் ஒன்றும் இல்லை. வாளி அடியிலே தட்டும் சத்தம் கேட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஒரு ஒழுங்கு. நிறுத்தாமல் கலக்கி அள்ளியவளைப் பற்றி அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் பேசிவிடும். கிணற்றடியிலே சண்டை நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடம் உடைந்த சண்டைகளும் உண்டு, குடும்பங்கள் பிரிந்த சண்டைகளும் உண்டு.

வீட்டுக்கு வந்த தண்ணீரும் ஒரு முறையோடு ஒரு வேலையோடு போய்விடாது. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக் கழுநீர்ப் பானைக்குப் போகும். பாத்திரம் கழுவியது வாழையடிக்குப் போகும். கால் கழுவுவதற்கென்று வாசலில் வைத்திருக்கும் வாளியில் சவர்த் தண்ணீர்தான் இருக்கும். இவ்வளவு கணக்குப் பார்த்த வீட்டிலே, யாராவது தெருவால் போகிறவர் வந்து கேட்டால் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளிலே சங்கடப்படலை என்று ஒன்று இருந்ததை நேயர்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். படலைக்கு மேலே சிறு கூரை வேய்ந்து, இரு பக்கமும் இருக்கத் திண்ணை கட்டி விட்டிருப்பார்கள். வெயிலுக்கோ மழைக்கோ ஒதுங்குகிறவர் வீட்டுக்காரரைக் கேட்காமலே அதிலே இருக்கலாம். பக்கத்திலே ஒரு மண்பானையிலே தண்ணீர். தெருவோரத்திலே தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. மாடு உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல், அது குடிக்கத் தொட்டி. கட்டியவர் பெயர் சிலவற்றில் பொறித்திருக்கும், பலவற்றில் இராது.

பானை இல்லாத வீடுகளிலே குரல் கொடுக்க வேண்டும்.

"ஆச்சி, தண்ணி விடாய்க்குது, கொஞ்சம் தாங்கோ."

"ஆர் மோனை அது? வெயிலுக்கை நிக்காமல் உள்ளுக்கை வா. எந்தப் பகுதி நீ?"

தண்ணீர் வருமுன் இந்தக் கேள்வி வந்துவிடும். எந்தப் பகுதி, ஆருடைய பிள்ளை, எங்கே போகிறாய். செம்பு கைக்கு வருவதற்குள் தூரத்து உறவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிடும். பனங்கட்டித் துண்டு ஒன்றும் கூடவே வரும். வெறும் வயிற்றிலே தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது ஆச்சிமாரின் வைத்தியம். அடுத்த ஊரிலே யாருக்குச் சுகமில்லை, எந்த மாடு கன்று போட்டது, எந்தக் கோயிலிலே கொடியேற்றம் என்ற செய்திகளெல்லாம் இப்படித்தான் வாசலுக்கு வாசல் போயின.

ஆனால் "எந்தப் பகுதி நீ" என்ற அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை இனிப்பாக முடித்துக்கொண்டு போனால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவனாவேன்.

யாழ்ப்பாணத்து வீடுகளிலே மூக்குப்பேணி என்று ஓர் ஏனம் இருந்தது. வெண்கலத்திலோ பித்தளையிலோ செய்து, பக்கத்திலே ஒரு மூக்கு வைத்திருப்பார்கள். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கலாம். இன்று அதை அலுமாரியிலே அழகுக்கு வைக்கிறார்கள். அது சுத்தத்துக்காக வந்தது என்பார்கள், உண்மையும் கூட. ஆனால் அந்த மூக்குப்பேணி எல்லோர் கைக்கும் போகவில்லை. சிலருக்குச் சிரட்டை. சிலருக்குப் பனையோலையில் கோலிய பிளா. இன்னும் சிலருக்குக் கையைக் குவித்துப் பிடி என்று சொல்லி மேலிருந்து ஊற்றுவது. கிணற்றடியிலும் அப்படியே. சாதியிலே தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கிணற்றுக் கட்டிலே கால் வைக்கக்கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்கவேண்டும். அள்ளி ஊற்றிய அம்மா தம்மை இரக்கமுள்ள பெண் என்றே நம்பியிருப்பார். தம் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லியிருப்பார். ஒரு மணித்தியாலம் நின்ற அந்தப் பெண்ணின் காலைப் பொழுதை அவர் எண்ணிப் பார்த்திருப்பாரா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

புங்குடுதீவிலே இந்தக் கேள்வியை எழுத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கிணற்றடிக்கே கொண்டுபோனவர் மு. தளையசிங்கம். 1935இல் பிறந்தவர், ஆசிரியத் தொழில் செய்தவர். 'புதுயுகம் பிறக்கிறது' சிறுகதைகளும், 'ஒரு தனி வீடு' நாவலும், 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' என்ற விமர்சனமும், 'போர்ப்பறை', 'மெய்யுள்' ஆகிய நூல்களும் அவருடையவை. இலக்கிய நேயர்களுக்கு இவை பழக்கமான பெயர்கள். சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களிலிருந்து தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டிலே 1957ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் கொழும்பிலே நிறைவேறிய சட்டம் பண்ணைக் கடலைத் தாண்டித் தீவுக்கு வந்துசேர நெடுங்காலம் எடுத்தது. 1971இல், புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிற் சூழலிலுள்ள நன்னீர்க் கிணற்றிலே ஒடுக்கப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ளவேண்டும் என்று தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிசார் அவரைப் பிடித்துச் சென்று தாக்கினர். உடல் நலிந்து, 1973இல், நாற்பது வயதை எட்டாமலே அவர் காலமானார்.

அவருடைய தத்துவத்தைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசியிருக்கிறார்கள். ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்: அந்தக் கிணற்றடியை விட்டுவிட்டு அவருடைய எழுத்தை மாத்திரம் படிப்பது அரைகுறைப் படிப்பு. தண்ணீரைக் 'கொடுப்பது' என்ற சொல்லையே அவர் சங்கடத்துக்குள்ளாக்கினார். அள்ளுகிற உரிமை தமக்கு இருக்கும்போது, ஒருவர் தந்துதானா மற்றவர் குடிக்கவேண்டும்?

பிறகு காலம் எல்லோரையும் ஒன்றாகவே கிணற்றடியிலிருந்து கிளப்பிவிட்டது. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளிலே நடந்த இராணுவ நடவடிக்கைகளால் தீவுப்பகுதிகளிலிருந்து பெருந்தொகையான மக்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். பாடசாலைகளிலும், கோயில் மண்டபங்களிலும், உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் இருந்தார்கள். அங்கே வலிகாமத்துச் செம்மண் கிணறுகளிலே நல்ல தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஆனால் அது அடுத்தவர் கிணறு. நேற்றுவரை வந்தவருக்குச் செம்பு நீட்டியவர்கள் இன்று வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் குளித்து முடியும்வரை காத்து நின்றார்கள். தள்ளி நிற்பது என்றால் என்ன என்பதைப் பலர் அப்போதுதான் படித்திருக்கக்கூடும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அந்தச் சன வெள்ளத்திலே தீவு மக்களும் இரண்டாம் முறை இடம்பெயர்ந்தவர்களாகச் சேர்ந்திருந்தார்கள். மழை பெய்தது. குடையைத் தலைகீழாகப் பிடித்து விழுந்த மழைநீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கியதை அன்று நடந்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

திரும்பி வந்தவர்கள் முதலில் பார்த்தது கிணற்றைத்தான். ஆட்கள் இல்லாத வளவுகளிலே கிணற்றுக் கட்டுகளைப் பற்றை மூடிக் கிடந்தது. உள்ளே ஓலையும் மட்டையும் கல்லும். கிணற்றைக் கலக்கி இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைத்து, வாயில் வைத்துப் பார்த்து, இன்னும் சவர்க்கிறது என்று துப்பிவிட்டு மறுபடி இறைத்தார்கள். அக்காலத்திலே ஒரு வளவுக் கிணறு துப்புரவானால், அக்கம்பக்கத்தார் எல்லோரும் அதிலே அள்ளினார்கள். யார் எந்தப் பகுதி என்று கேட்க அங்கே ஆட்களும் போதாது. திரும்பாத குடும்பங்கள்தான் அதிகம். கொழும்பு, கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று போனவர்கள் போனவர்கள்தான். புங்குடுதீவிலே கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்பதைக் குறிகட்டுவானுக்குப் பஸ்ஸிலே போகிறவர்கள் யன்னலால் பார்க்கலாம்.

இப்போது பழக்கங்கள் மாறிவிட்டன. பவுசர் வருகிறது. நீலப் பிளாஸ்ரிக் தாங்கி வாசலிலே நிற்கிறது. கடல் நீரிலிருந்து உப்பை நீக்கும் இயந்திரங்கள் தீவுகளுக்கு வந்தன. குடாநாட்டுக்கெனத் தாளையடியிலே பெரிய நிலையம் ஒன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கடைகளிலே தண்ணீர்ப் போத்தல் தொங்குகிறது. இதைக் கண்டு பெருமூச்சு விடுபவர்களோடு நான் சேரமாட்டேன். மைல் கணக்கில் இடுப்பிலே குடம் சுமந்த பெண்ணுக்கு அந்தப் பவுசர் பெரிய ஆறுதல். கடையிலே போத்தல் வாங்குபவரிடம் எந்தப் பகுதி என்று முதலாளி கேட்பதில்லை. காசு மட்டும் கேட்பார். சிரட்டையில் குடித்தவரின் பேரன் அதே போத்தலை வாயில் வைத்து மடமடவென்று குடிக்கிறான் என்றால், அது நல்லதுதான்.

ஆனால் ஒன்று கவனித்தேன். வீட்டுக்கு வருபவருக்கு வெறும் தண்ணீர் கொடுப்பது இப்போது மரியாதைக் குறைவாகிவிட்டது. சோடா உடைக்கவேண்டும், இல்லாவிட்டால் பால்தேத்தண்ணீராவது போடவேண்டும். வந்தவரும் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறார். தம் பையிலே போத்தல் வைத்திருக்கிறார். யாரையும் தொந்தரவு செய்யாமல் போகவேண்டும் என்ற நல்ல எண்ணம். ஆச்சிமாருக்கோ அதுதான் மனக்குறை. "முந்தியெண்டால் சனம் வந்து கூப்பிடும். இப்ப படலையடியாலை போகுதுகள், திரும்பியும் பாக்குதில்லை." பிள்ளைகள் வெளிநாட்டிலே. தாங்கி நிறையத் தண்ணீர். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இந்த இடத்திலே மணிமேகலை நினைவுக்கு வருகிறது. காவியத்திலே வரும் மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்பவர்கள் பலர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை மணிமேகலை பெற்றது அந்தத் தீவின் கோமுகிப் பொய்கையில் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாத்திரம் அங்கே எப்படி வந்தது என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது ஆபுத்திரனுடையது. அவன் போன கப்பல் காற்றுக்காக மணிபல்லவத்திலே ஒதுங்கியது. அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விட்டது. கையிலே உலகத்துக்கே சோறு போடக்கூடிய பாத்திரம், தீவிலே கேட்பதற்கு ஒரு மனிதன் இல்லை. தன் ஒரு வயிற்றுக்காக அதை வைத்திருக்க மனமில்லாமல் பொய்கையிலே விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் விட்டான். இதைச் சிறு வயதிலே படித்தபோது, சோறு கையில் இருக்க ஏன் பட்டினி கிடந்தான் என்று எனக்கு விளங்கவில்லை. நீலத் தாங்கிக்குப் பக்கத்திலே தனியே இருக்கும் ஆச்சிமாரைப் பார்த்த பிறகு கொஞ்சம் விளங்குகிறது.

நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். ஆனித் திருவிழாக் காலத்திலே குறிகட்டுவான் துறையிலே நிற்கும் சனத்தைப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் பஸ்ஸிலே வந்து, படகுக்காக வெயிலிலே நிற்பார்கள். நாகவிகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகரும் அதே வரிசையிலேதான். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். மோர், சர்க்கரைத் தண்ணீர், ஊறுகாய்த் தண்ணீர். பந்தலிலே நிற்கும் இளைஞர்கள் மொழி தெரியாதவரையும் கையைப் பிடித்து இழுத்துக் குடிக்க வைப்பார்கள். குடித்த பிளாஸ்ரிக் குவளைகள் காற்றிலே உருண்டு கடலுக்குள் போவதை அந்த இளைஞர்களே கொஞ்சம் கவனித்தால் நல்லது. பித்தளைச் செம்பைக் கழுவ ஆள் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்பதை நான் அறிவேன். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அதே துறையிலே இன்னொரு பழக்கமும் இன்னும் முற்றாக அழியவில்லை. நெடுந்தீவுப் படகு புறப்படும்போது யாரோ ஒருவர் ஓடி வருவார். கையிலே மருந்துப் பொட்டலம். "அண்ணை, இதை ஒருக்கால் அங்கை குடுத்துவிடுங்கோ, துறையிலை வந்து வாங்குவினம்." வாங்குபவர் கூலி கேட்பதில்லை. ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் பெயர்ந்து கடல் அடிக்கும் மாதங்களிலே அந்தப் பொட்டலத்தைத் தம் மடியிலே வைத்து நனையாமல் கொண்டுபோவார். அந்தக் கடலிலேதான் 1985 மே 15ஆம் திகதி, குமுதினிப் படகிலே போன பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதிலே அடக்கம். அதன் பின்னும் குமுதினி ஓடியது. அதற்குப் பின்னும் சனம் அதிலே ஏறி, பொட்டலங்களை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி மடியிலே வைத்துக்கொண்டது.

நெடுந்தீவிலே இறங்கினால், முருகைக்கல் வேலிகளுக்கு அப்பாலே வெளியிலே திரியும் குதிரைகளைக் காணலாம். அந்நியர் ஆட்சிக் காலத்திலே கொண்டுவந்து வளர்க்கப்பட்டுப் பின்பு கைவிடப்பட்ட குதிரைகளின் வழி வந்தவை. வரட்சி கடுமையான வருடங்களிலே குளம் குட்டை வற்றி, அவற்றிலே பல தண்ணீரில்லாமல் செத்துப்போவதுண்டு. அத்தகைய வருடங்களிலே அவற்றுக்கென்று தொட்டிகளிலே தண்ணீர் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கள் குடிதண்ணீருக்கே வரிசையில் நிற்கிறவர்கள். குதிரைகள் பகலிலே ஆட்கள் நிற்கும்போது கிட்ட வருவதில்லை. இரவிலே வந்து குடித்துவிட்டுப் போய்விடுகின்றன. காலையிலே போய்ப் பார்த்தால் தொட்டி வெறுமையாக இருக்கும், சுற்றிலும் குளம்படி இருக்கும். மறுபடியும் நிரப்புகிறார்கள்.